எந்தக் கரைக் குவியல் உயரம்?

ஒரு காட்டாற்றின் இரண்டு கரையிலும் நீர்நாய்கள் வாழ்ந்தன. இந்தக் கரை நாணல்கரை. அந்தக் கரை மருதங்கரை. இரண்டும் தனித்தனி நாடு. நாணல்கரைக்குப் பெரியமீசை என்று ஒரு ராஜா. மருதங்கரைக்கு ஒரு ராணி.

நீர்நாய் பிறந்ததுமே நீந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீர்நாய்க் குட்டி தண்ணீரைக் கண்டால் பயந்து கத்தும். யாராவது பிடரியைக் கவ்வித் தண்ணீரில் முக்க வேண்டும். மூச்சை அடக்கப் பழக்க வேண்டும். விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தால்தான் நீச்சல் வரும்.

பெரியவர்கள் எல்லோரும் விடிந்ததும் மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். பிடித்ததைப் பொதுவில் கொட்டுவார்கள். அதிலிருந்து ராஜாவுக்கு ஒரு பங்கு. கரைக்காவல் உடும்புகளுக்கு ஒரு பங்கு. வீட்டுக்கு வீடு ஒரு பங்கு. கடைசியில் நீச்சல் டீச்சருக்கு ஒரு குவியல். டீச்சர் பகல் முழுக்கக் குட்டிகளோடு தண்ணீரில் நிற்கிறாள். அவளால் மீன் பிடிக்கப் போக முடியாது. அதற்காகத்தான் அந்தக் குவியல். அதை ‘நீச்சல் பங்கு’ என்று சொல்வார்கள். மருதங்கரையிலும் இதே வழக்கம்தான்.

நாணல்கரையில் நீச்சல் பங்கு வருஷத்துக்கு வருஷம் சிறுத்தது. உடும்புகள் வருஷத்துக்கு வருஷம் பெருத்தன.

அங்கே தாழை என்று ஒரு தாய் நீர்நாய் இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் பொடிசு. பொடிசின் அப்பன் போன வருஷ வெள்ளத்தில் போய்விட்டான்.

தாழைக்கு நீந்தத் தெரியாது. இது ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம். அவள் குட்டியாக இருந்த வருஷம் ஆறு வறண்டது. மீன் குறைந்தது. முதலில் நீச்சல் பங்கைத்தான் நிறுத்தினார்கள். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார்கள். அடுத்த வருஷம் அவள் வளர்ந்துவிட்டாள். வளர்ந்தவள் மீன் பிடிக்கத்தானே போக வேண்டும்? போனாள். வயிறு நனையும் ஆழத்தைத் தாண்ட மாட்டாள். கரையோரச் சேற்றில் அயிரை பொறுக்குவாள். யாராவது கேட்டால், “எனக்கு அயிரைதான் பிடிக்கும்!” என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஆனால் மேகம் இருட்டினால் அவள் பொடிசைத் தேடி ஓடுவாள். ஐப்பசி வந்தால் ஆறு பொங்கும். அதற்குள் பொடிசு நீந்தக் கற்றாக வேண்டும்.

ஆவணியில் ஒரு நாள் அவள் நாணல் புதருக்குள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர்! பிள்ளைங்க எல்லாம் கரையில உக்காந்திருக்கு. நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“வயித்தைக் கழுவறேன், தாழை. நேத்து எனக்கு வந்தது ரெண்டே ரெண்டு கெளுத்தி. அதுல ஒண்ணை, நல்லா இருக்கான்னு மோந்து பாக்கிறேன்னு சொல்லி உடும்பு முழுங்கிடுச்சு!”

“ராஜாகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘சொல்லிக் குடுக்கிறது புண்ணியம். புண்ணியத்துக்குக் கூலி கேக்கலாமா’ன்னு கேட்டாரு!”

தாழைக்குப் பொறுக்கவில்லை. பொடிசை இழுத்துக்கொண்டு நேராக ராஜாவிடம் போனாள்.

பெரியமீசை ஒரு வழுக்குப் பாறையில் படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஆலோசகர் கூழைக்கடா நின்றிருந்தது. அலகுக்குக் கீழே பெரிய பை. பை எப்போதும் கொஞ்சம் உப்பியே இருக்கும். ஆற்றைத் தாண்டிப் பறக்கக்கூடிய ஆலோசகர் அது ஒன்றுதான். அதனால் அதற்கு இரண்டு கரையிலும் மரியாதை.

“மகாராஜா! டீச்சர் பட்டினி கிடக்குறாங்க. நீச்சல் பங்கைக் கூட்டிக் குடுங்க. ஐப்பசி வரப் போகுது. எம் பிள்ளைக்கு இன்னும் மூச்சடக்கக்கூடத் தெரியாது!” என்றாள் தாழை.

ராஜா கூழைக்கடாவைப் பார்த்தார். கூழைக்கடா தொண்டையைச் செருமியது.

“நாம குறைச்சுக் குடுக்கிறோமா, கூட்டிக் குடுக்கிறோமா? அதை எப்படித் தெரிஞ்சுக்கறது? மருதங்கரையோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும்!”

“டீச்சரோட விலா எலும்பைப் பாத்தாலே தெரியுமே, ஐயா!”

“அது உணர்ச்சி, அம்மா. நான் சொல்றது ஆராய்ச்சி!”

ராஜாவுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப் போனது. “நல்லது! உடனே கிளம்புங்க!” என்றார்.

“கிளம்பிடறேன். பயணப்படி?”

“எவ்வளவு?”

“ஒரு பை மீன். போறது நீச்சல் விஷயமா. அதனால நீச்சல் பங்குலேர்ந்து எடுத்துக்கறதுதான் முறை.”

அன்று டீச்சருக்கு ஒரு கெளுத்தியும் வரவில்லை.

கூழைக்கடா போய்விட்டுத் திரும்பி வந்தது.

“மகாராஜா! சொல்லவே கூச்சமா இருக்கு. அவங்க நீச்சல் பங்கு கரையான் புத்து உயரம். நம்மது தவளை உயரம். அங்க டீச்சருங்க கும்பலா இருக்காங்க. குட்டிங்க அம்பு மாதிரி தண்ணிக்குள்ள பாயுது!”

தாழைக்கு வாய் எல்லாம் பல்லாகிவிட்டது. இனி ராஜா கூட்டிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்!

ராஜாவின் மீசை தொங்கிப் போனது. “ஐயோ! அவங்க நம்மளைப் பாத்துச் சிரிப்பாங்களே!” என்றார். உடும்புகளின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “உங்க பங்குல கொஞ்சம்...”

உடும்புகள் ஒன்றாக நாக்கை நீட்டின. ராஜா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எதுக்குக் கவலை?” என்றது கூழைக்கடா. “அவங்க அந்தக் கரையிலேர்ந்துதானே பாக்கிறாங்க? தூரத்துலேர்ந்து பாக்கிறவனுக்கு உயரம்தான் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? கீழ மண்ணைக் கொட்டுங்க. மேல மீனைப் பரப்புங்க. வெயில்ல செதில் மினுக்கும். அவங்க கண்ணு கூசும்!”

“ஆகா!” என்றார் ராஜா. அவர் மீசை மறுபடி நிமிர்ந்தது.

மறுநாளிலிருந்து மீனோடு ஆளுக்கு ஒரு வாய் மண்ணும் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தாழையும் மண் சுமந்தாள். மண் மேடு உயர்ந்தது. அதன்மேல் மீனைப் பரப்பினார்கள். கரையான் புற்றையும் தாண்டியது குவியல். ஊரே கூடிக் கைதட்டியது.

“நாணல்கரைக் குவியல்தான் உயரம்!”

டீச்சர் மெல்லப் போய் ஒரு மீனைத் தொட்டாள். உடும்பு பாய்ந்து வந்தது.

“கையை எடு! ஒண்ணை எடுத்தா உயரம் குறையும். எதிர்க்கரையில பாத்துட்டே இருக்காங்க!”

“இது என் பங்குதானே?”

“உன் பங்குதான். யார் இல்லேன்னா? தொடாதேன்னுதான் சொல்றேன்!”

“அப்ப நான் எதைத் திங்கிறது?”

“என்ன டீச்சர் நீ! நாடே தலை நிமிர்ந்து நிக்குது. நீ வயித்தைப் பத்திப் பேசுறே!”

டீச்சர் குட்டிகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு நண்டு கிடைக்கும் ஓடை ஒன்று மேல்புறம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்தப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

குட்டிகளுக்கு இப்போது வேறு பாடம். காலையிலும் மாலையிலும் குவியலைச் சுற்றி நின்று வாழ்த்துப் பாட வேண்டும். பொடிசு நன்றாகப் பாடினான். உடும்பே அவனைப் பாராட்டியது. அதைக் கேட்ட தாழை மறைவாகப் போய் அழுதாள்.

அவள் மனதில் ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. மருதங்கரையில் டீச்சர்கள் இருக்கிறார்கள். பொடிசை அங்கே அனுப்பிவிடலாம். ஆனால் ஆற்றை எப்படித் தாண்டுவது?

அவள் அந்த ஆற்றில் வாழ்ந்த ஓர் ஆமையிடம் போனாள்.

“அண்ணே, எம் பிள்ளையை அந்தக் கரையில சேத்துடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அவனை முதுகுல வெச்சுட்டு முங்கிடாதீங்க!”

“முங்காம போற ஆமையை எங்கயாச்சும் பாத்திருக்கியா?” என்று கேட்டது ஆமை. பிறகு பொடிசின் முகத்தைப் பார்த்தது. “சரி, ஏறுடா. இன்னிக்கு ஒரு நாள் தெப்பமா மிதந்து தொலைக்கிறேன்.”

பொடிசு ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்தான். அம்மாவின் காதருகே குனிந்தான்.

“அம்மா, நான் கத்துக்கிட்டு வந்து உனக்கும் சொல்லித் தரேன்.”

தாழை திடுக்கிட்டாள். “எனக்கு எதுக்குடா? எனக்குத் தெரியுமே!”

“தெரியாதும்மா. நான் யார்கிட்டயும் சொல்லல” என்றான் பொடிசு.

ஆமை மிதந்து மிதந்து போனது. தாழை கரையிலேயே நின்றாள். அவள் அன்று மீன் பிடிக்கவும் இல்லை. மண் சுமக்கவும் இல்லை.

பொழுது சாய்கையில் ஆமை திரும்பி வந்தது. அதன் முதுகில் பொடிசும் இருந்தான்.

“என்னண்ணே! ஏன் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்க?”

“சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க, தாழை. ‘உங்க கரையில ஆகாசத்தைத் தொடற மாதிரி குவியல் இருக்கே! எங்களுதைவிடப் பெரிசா வெச்சுக்கிட்டு எங்ககிட்ட ஏன் வரீங்க’ன்னு காவல்காரன் கேக்கிறான்.”

“அது மண்ணுன்னு சொல்ல வேண்டியதுதானே!”

“சொன்னேனே! ‘சொந்த நாட்டையே காட்டிக் குடுக்கிறியா’ன்னு என் ஓட்டுலயே நாலு போட்டான்.” ஆமை கழுத்தை இழுத்துக்கொண்டது. பிறகு மறுபடி நீட்டியது. “அங்க சேத்திருந்தாலும் பிரயோசனம் இல்ல. அங்கயும் டீச்சருங்க யாரும் இல்ல.”

“ஏன்? கும்பலா இருந்தாங்கன்னு சொன்னாங்களே!”

“இருந்தாங்க. நம்ம கூழைக்கடா அங்க போயி, ‘நாணல்கரை உங்களை மிஞ்சிடுச்சு’ன்னு ராணிகிட்ட ஊதிட்டு வந்திருக்கு. அதுக்கு அங்க ஒரு பை மீன் பயணப்படி! ராணிக்கு ரோஷம் வந்துடுச்சு. குவியல்லேர்ந்து ஒரு மீனைக்கூட யாரும் எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. மீன் எல்லாம் அழுகி நாறுது. ஈ மொய்க்குது. டீச்சருங்க பசி தாங்காம ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. அம்பு மாதிரி பாய்ஞ்ச குட்டிங்களோட தம்பி தங்கச்சிங்க இப்ப குவியலைச் சுத்தி கும்மி அடிக்குது.”

தாழை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கரையில்தான் டீச்சர்கள் இல்லை, அந்தக் கரையிலாவது இருக்கிறார்கள் என்ற நினைப்பில்தான் அவள் இத்தனை நாள் உயிரை வைத்திருந்தாள்.

அதன் பிறகு கூழைக்கடாவுக்கு ஓய்வே இல்லை. இங்கே வந்து, “அவங்க ஒரு சாண் ஏத்திட்டாங்க!” என்றது. அங்கே போய், “அவங்க ரெண்டு சாண் ஏத்திட்டாங்க!” என்றது. ஒவ்வொரு தடவையும் ஒரு பை மீன். மருதங்கரையும் அழுகிய மீனுக்கு அடியில் மண்ணைக் கொட்ட ஆரம்பித்தது. இரண்டு கரையிலும் மேடு வளர்ந்தது. இரண்டு கரையும் ஒன்றைப் பார்த்து ஒன்று கூச்சல் போட்டது.

“நாங்கதான் உயரம்!”

“போடா! நாங்கதான் உயரம்!”

தாழை பொடிசைக் கரையோரத் தண்ணீருக்கு அழைத்துப் போனாள். தனக்குத் தெரியாததைத் தானே சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள்.

“மூச்சை அடக்குடா.”

பொடிசு அடக்கினான். கன்னம் உப்பியது. “எவ்வளவு நேரம்மா?”

“அது... கொஞ்ச நேரம்.”

“அப்புறம் காலை எப்படி வெச்சுக்கணும்?”

தாழைக்குத் தெரியவில்லை. டீச்சர் முன்பு மற்றக் குட்டிகளுக்குச் செய்து காட்டியதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். தூரத்திலிருந்து பார்த்தது. பாதிதான் நினைவில் இருந்தது. அவனைக் கொஞ்சம் ஆழத்தில் விட்டாள். அவன் தண்ணீர் குடித்து இருமினான். அவள் பயந்து வெளியே தூக்கிவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். பாடம் அந்த இருமலைத் தாண்டவே இல்லை.

ஐப்பசி பிறந்தது. மலையில் மழை கொட்டியது. ஆறு பழுப்பு நிறமாகியது. பிறகு இரைச்சல் போட்டது. பிறகு கரை ஏறியது.

நீந்தத் தெரிந்த பெரியவர்கள் தண்ணீரோடு போராடினார்கள். ராஜா நன்றாக நீந்துவார். அவர் குட்டியாக இருந்த காலத்தில் நீச்சல் பங்கு நிறையவே இருந்தது. அவர் ஒரே பாய்ச்சலில் பாறை உச்சிக்குப் போய்விட்டார். உடும்புகள் மரம் ஏறின. கூழைக்கடா பறந்துவிட்டது. குட்டிகள் மட்டும் கரையில் நின்று கத்தின. தாய்மார்கள் ஆளுக்கு ஒரு குட்டியைத்தானே கவ்வ முடியும்!

தாழை பொடிசின் பிடரியைக் கவ்விக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் தண்ணீர். அவளால் நீந்திப் போகவும் முடியாது. கிட்டத்தில் உயரமாக இருந்தது ஒன்றுதான். அது அந்தக் குவியல்.

அவள் ஓடி அதன்மேல் ஏறினாள். உச்சிக்குப் போய்ப் பொடிசை மடியில் இருத்திக்கொண்டாள்.

“பயப்படாதே, கண்ணு. இதைவிட உயரமா இந்த நாட்டுல எதுவும் இல்ல.”

“அந்தக் கரையை விடவும் உயரமாம்மா?”

“ஆமாண்டா. அதை விடவும் உயரம்.”

தண்ணீர் மேட்டின் அடியைத் தொட்டது. அது மண்தானே! அவள் வாயால் சுமந்து கொட்டிய மண்ணும் அதில் இருந்தது. ஓரம் கரைந்தது. நடு கரைந்தது. செதில்கள் மினுக்கிக்கொண்டே தண்ணீரில் பரவின. ஒரு நொடியில் அவள் காலுக்குக் கீழே எதுவும் இல்லை.

“அம்மா, மூச்சை அடக்கு!” என்று பொடிசு கத்தினான்.

அதற்குப் பிறகு அவன் குரல் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்தது. தாழை நாணல் வேரில் சிக்கிக் கிடந்தாள். உயிர் இருந்தது. அவளோடு பொடிசு இல்லை. ஆமை ஆற்றின் அடி வரை போய்த் தேடியது. வெறுமனே திரும்பி வந்து, அவள் பக்கத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது.

ராஜா பாறையில் கூட்டம் போட்டார். அவர் முகம் வாடியிருந்தது. கூழைக்கடா அந்தக் கரைக்குப் போய்விட்டு வந்து இறங்கியது.

“மகாராஜா! கவலைப்படாதீங்க. நம்ம கரையில நிறையக் குட்டிங்க போயிடுச்சு, வாஸ்தவம்தான். ஆனா ஒப்பிட்டுப் பாத்தா, மருதங்கரையில நம்மைவிடக் கூடுதலா போயிருக்கு!”

“அப்படியா?” ராஜா மீசையைத் தடவினார். “அப்பாடா! இதுலயாவது நாம தேவல.”

தாழை தட்டுத் தடுமாறி எழுந்தாள்.

“மகாராஜா! இருந்தது எனக்கு ஒரு பிள்ளை. அவனை எதோட ஒப்பிட்டுப் பாக்கட்டும்?”

ராஜா மீசையிலிருந்து கையை எடுத்தார். கூழைக்கடா அலகை மூடிக்கொண்டது.

சில நாளில் டீச்சர் மேல்புறத்திலிருந்து வந்தாள். இன்னும் இளைத்திருந்தாள். தப்பிய குட்டிகள் கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருந்தன. தண்ணீரைப் பார்த்தாலே அவை நடுங்கின. டீச்சர் அவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தாழை சேற்றில் தேடி ஒரு அயிரையைப் பிடித்தாள். பொதுவில் கொட்டவில்லை. நேராகக் கொண்டுபோய் டீச்சரின் முன்னால் வைத்தாள்.

“தின்னுட்டு, இதுங்களுக்காவது சொல்லிக் குடுங்க, டீச்சர்.”

டீச்சர் கையை நீட்டினாள். அதற்குள் உடும்பின் நாக்கு வந்தது. அது அயிரையைக் கவ்விக்கொண்டு போய், புதிதாகக் கொட்டியிருந்த ஈர மண் மேட்டின் உச்சியில் வைத்தது. வைத்துவிட்டு, எதிர்க்கரையைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தியது.

பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒதுக்கியது பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அதை அடுத்த நாட்டைவிட எத்தனை உயரமாகக் குவித்தாலும் அது மண் மேடுதான்.